காகம் விருந்தோம்பியா?

பறவைகளைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வர்ணனையில், குயிலிடம் ஏமாறும் காகத்தை நாலைந்து முறை 'விருந்தோம்பிப் பறவை' என்றார்கள். பாடநூல்களில் பார்த்துப் பார்த்துச் சகித்துக்கொண்ட சொல்தான். காதால் கேட்டபோது பொறுக்க முடியவில்லை.

ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உயிரை உயிரியலில் ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்பார்கள். அதை அப்படியே பெயர்த்ததுதான் இந்த விருந்தோம்பி. அந்த 'ஹோஸ்ட்', இலத்தீனின் 'ஹாஸ்பெஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. விருந்து அளிப்பவர், விருந்தாளி இருவரையும் அது குறித்தது. அதன் ஜோடியான 'பாரசைட்', பிறர் பந்தியில் உட்கார்ந்து உண்பவர் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே இரண்டுமே பந்திச் சொற்கள், பொருந்திப்போகின்றன. நாம் இரண்டாவதை ஒட்டுண்ணி என்று ஆக்கிக்கொண்டபோதே பந்தி கலைந்துவிட்டது. பிறகு விருந்து மட்டும் எதற்கு?

தமிழில் விருந்து என்றால் முதலில் புதுமை. அப்புறம் புதிதாக வந்தவர். அவருக்குப் படைக்கும் உணவு என்பது பிந்திய பொருள். விருந்தோம்பல் என்பது தெரிந்தே, விரும்பியே செய்வது. 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்கிறது குறள். அடுத்த குயில் எப்போது வரும் என்று எந்தக் காகம் வழிபார்த்திருக்கிறது? கூட்டருகே குயிலைக் கண்டால் விரட்டியல்லவா அடிக்கிறது!

ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, கண் திறக்கும் முன்பே, கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி வெளியே தள்ளிவிடும். பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர் 1788-இலேயே இதை எழுதிவைத்தார். தள்ளிய பிறகு அந்த ஒற்றைக் குஞ்சு, ஒரு கூடு நிறையக் குஞ்சுகள் கத்துவதுபோல் வேகமாகக் கத்தி இரை வாங்கிக்கொள்ளும். ஏமாறும் பறவைகளும் சும்மா இருப்பதில்லை. அந்நிய முட்டையை அடையாளம் கண்டு வெளியே எறிகின்றன, சில சமயம் கூட்டையே கைவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் ஃபேரி-ரென் என்ற சிறு பறவையின் தாய், அடைகாக்கும்போதே முட்டைகளுக்கு ஒரு குரலைக் கேட்கவைக்கிறது. பொரிந்த குஞ்சின் கூவலில் அந்தச் சுரம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் தன் குஞ்சை அது அறிகிறது. இப்படிப் போராடும் பறவைக்கு விருந்தோம்பி என்று பெயர் வைத்தால், படிக்கும் பிள்ளையின் மனதில் தலைகீழான படம்தான் விழும்.

சில கூடுகளில் ஏமாந்த பறவைக்கும் நன்மை உண்டே என்று ஒருவர் வாதாடலாம். உண்மைதான். ஸ்பெயினில் காகக் கூட்டில் வளரும் ஒருவகைக் குயில் குஞ்சு, நாற்றமடிக்கும் கழிவைப் பீச்சிக் கொன்றுண்ணிகளை விரட்டுகிறது. அதனால் சில ஆண்டுகளில் காகக் குஞ்சுகளும் பிழைப்பதாக 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நன்மை கிடைத்தாலும் காகம் யாரையும் அழைக்கவில்லையே. அழைக்காத இடத்தில் விருந்து ஏது?

சரி, வேறு என்ன சொல்வது? 'வளர்ப்புப் பறவை' என்றால் கூண்டுக்கிளிதான் நினைவுக்கு வரும். 'செவிலிப் பறவை' அழகான சொல், ஆனால் சங்கப் பாட்டின் செவிலிக்குத் தான் வளர்ப்பது யார் பெற்ற மகள் என்று தெரியும். காகத்துக்குத் தெரியாது. பாடநூல்களிலேயே 'ஓம்புயிரி' என்ற நல்ல சொல் இருக்கிறது. பறவைக்கு 'ஓம்புபறவை' என்று எழுதலாம். விருந்தை வெட்டி எறிந்தால் போதும். ஓம்புதல் என்றால் பேணி வளர்த்தல். தீங்கு வராமல் காத்தல், தவிர்த்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'வினைக்கண் வினைகெடல் ஓம்பல்' என்ற குறளில் ஓம்பல் தவிர்த்தலைத்தான் குறிக்கிறது. வளர்ப்பதும் எதிர்ப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. காகத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் நின்று பார்ப்பதில்லை.

விருந்து என்ற சொல் பொருந்தும் இடமும் உண்டு. மொசாம்பிக்கில் யாவோ மக்கள் குரல்கொடுத்து அழைக்க, தேன்காட்டிப் பறவை அவர்களைத் தேன்கூட்டுக்குக் கூட்டிப்போகிறது. தேன் மனிதர்களுக்கு, மெழுகு பறவைக்கு. இரு தரப்பும் தெரிந்தே கூடும் அதை விருந்து என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதே பறவை பஞ்சுருட்டான் என்ற இன்னொரு பறவையின் வளைக்குள் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சு தன் கொக்கி அலகால் பஞ்சுருட்டான் குஞ்சுகளைக் குத்திக் கொல்கிறது. அந்தப் பஞ்சுருட்டானை விருந்தோம்பி என்று எழுத எனக்குக் கை வராது.