உவரிக்கு வேன் ஏறும் முன்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், திசையன்விளைப் பக்கம் இருக்கும் எங்கள் கிளினிக்குக்குத் தென்காசிக்காரர்களும் அம்பாசமுத்திரத்துக்காரர்களும் வரத் தொடங்கிவிடுவார்கள். திருச்செந்தூரில் முருகன், மணப்பாட்டில் ஒரு குளியல், உவரியில் சுயம்புலிங்க சுவாமி, அந்தோணியார் கோவில் என்று வேன் ஒரு சுற்றுச் சுற்றும். அந்தச் சுற்றில் யாருக்காவது கால் வெந்திருக்கும், யாரையாவது சொறிமீன் தீண்டியிருக்கும், ஒரு பெரியவர் மயங்கி விழுந்திருப்பார். உவரியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் கரையில் பக்கத்தில் நிற்பவர் முதல் சில நிமிடங்களில் என்ன செய்கிறாரோ, அதுதான் பாதி வைத்தியம்.

முதலில் காலைச் சொல்கிறேன், அதுதான் எங்களிடம் அதிகம் வருகிறது. உவரியில் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டுகிற நேர்த்திக்கடன் உண்டு. வெறுங்கால்தான். வெயில் ஏறிய பிறகு அந்த மணலில் நடந்த ஒரு அம்மாவை மகள் கூட்டி வந்தாள். பல வருஷமாகச் சர்க்கரை. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு மகள்தான் பார்த்திருக்கிறாள், இரண்டு உள்ளங்காலிலும் தோல் பொத்து நீர் கோத்திருந்தது. “எனக்குச் சுடவே இல்லையே டாக்டர்” என்றார் அந்த அம்மா. சர்க்கரையால் நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது. தெரியாததால் ஆள் நடந்துகொண்டே இருப்பார். கோவிலுக்குள் செருப்புப் போட முடியாது, சரி. நேரத்தை மாற்றலாமே? காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்தபின் போங்கள். மத்தியானத்தில் தேரிக்காட்டுச் செம்மண்ணில் நின்று போட்டோ எடுக்கிற ஆசையும் இப்படித்தான் முடிகிறது. வெந்துவிட்டால் நல்ல தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள், பேஸ்ட் தடவாதீர்கள்.

சொறி என்று கரையில் சொல்வது ஜெல்லி மீனை. பட்டதும் எல்லோரும் செய்வது மணலைப் போட்டுத் தேய்ப்பதுதான். தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பைகளில் வெடிக்காதவை நிறைய இருக்கும். தேய்த்தால் அவையும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அதே கதை. கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறும் கை படாமல் எடுங்கள். அப்புறம் பக்கத்து டீக்கடையில் வெந்நீர் கேளுங்கள். உங்கள் கை தாங்குகிற அளவுக்கு, அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாமல், விளாவி அந்த இடத்தை இருபது நிமிடமாவது வெந்நீரில் வைத்தால் வலி நன்றாகக் குறையும். திருக்கை முள் குத்தினாலும் இதே வெந்நீர்தான், ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே அழைத்து வாருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வெந்நீருக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே 108. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையில் இழுத்து இழுத்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா! இரண்டை மட்டும் சொல்கிறேன். உடம்பு கொதிக்க, ஆள் உளறினால் அது சாதாரண மயக்கம் இல்லை. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் கேட்காது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் இளநீரும் ஊற்றக் கூடாது. இன்னொன்று, பதநீர். நானும் விரும்பிக் குடிக்கிறவன்தான். ஆனால் நூறு மில்லியில் ஏறக்குறைய பத்து கிராம் சர்க்கரை இருக்கும். பனை தந்ததுதானே, ஒன்றும் செய்யாது என்று சர்க்கரைக்காரர்கள் பனையோலைப் பட்டையில் பட்டை பட்டையாகக் குடித்துவிட்டு வருகிறார்கள்.

இனி கடல். “குறுக்குத்துறையில அக்கரைக்கு நீந்துவான் டாக்டர், இவனுக்கு எப்படி இப்படி ஆச்சு” என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. தாமிரபரணி இழுத்தால் ஒரே திசையில்தான் இழுக்கும், கரை எப்போதும் பக்கத்தில் இருக்கும். கடலில் அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் எங்காவது ஒரு பள்ளம் வழியாகத் திரும்பி ஓடியாக வேண்டும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, பார்க்கச் சாதுவாக இருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட ஆட்கள் தேடிப் பிடிக்கிற இடமும் அதுதான். கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும், மணப்பாட்டில் கருமேனியாறு சேருகிற மாதிரியான முகத்துவாரங்களிலும் இந்த இழுவை இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள்.

காற்றையும் பாருங்கள். வைகாசி பாதியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் காற்று, அதாவது மேற்குக் காற்று, பிடித்துவிடும். நம் கரை கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்தது. மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குத்தான் தள்ளும். பந்து, ரப்பர் டியூப் எல்லாம் விறுவிறுவென்று உள்ளே போகும், பிள்ளை பின்னாலேயே போகும். டியூபை வேனிலேயே விட்டுவிடுங்கள்.

காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் ஓடி இங்கே வந்து ஏறுவது அது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கடல் நிலவரத்தை முன்கூட்டிச் சொல்கிற, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கை அப்போது இருந்தது. கிளம்பும் முன் செய்தியைப் பாருங்கள், இறங்கும் முன் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் கேளுங்கள். “இன்னைக்கு எறங்காதீய” என்று அவர் சொன்னால் விவாதம் பண்ணாதீர்கள். தண்ணி போட்டுவிட்டு வருகிற தம்பிமாரிடம் அவரும் பேசிப் பயனில்லை, நானும் பேசிப் பயனில்லை.

ஒருவர் தத்தளித்தால் கூடவே குதிக்காதீர்கள். காலி வாட்டர் கேன், கயிறு, சேலை, எது மிதக்குமோ நீளுமோ அதை வீசுங்கள். தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. வயிற்றுத் தண்ணீர் மேலே வந்து நுரையீரலுக்குள் போவதுதான் அதில் மிச்சம். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும்படி முதலில் ஊதுங்கள். அப்புறம் நடு மார்பில் ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி 30 அழுத்து, 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நுரையைத் துடைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்பிவிட்டுத் தொடருங்கள்.

“ரெண்டு முழுங்குதான் குடிச்சான், இப்போ நல்லாத்தான் இருக்கான்” என்று சொல்லி வேனைக் கிளப்புகிறவர்களுக்கு ஒன்று. நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். நினைவு தப்பியவர், விடாமல் இருமுகிறவர், மூச்சு வாங்குகிறவர், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிற பிள்ளை, இவர்களை அன்று ராத்திரியே சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் கண்காணிப்பில் வைத்து, மார்பைப் பரிசோதித்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு கிளம்புங்கள்.