கழற்றிப் பூட்டும் லேப்டாப்பில் எதைச் சோதிக்க வேண்டும்?

லேப்டாப் பழுதுபார்ப்பது என் தொழில். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, ரேமை (தற்காலிக நினைவகம்) மதர்போர்டிலேயே சால்டர் செய்த, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டிய, லேப்டாப் வரும்போது, ஒரு பாகத்துக்காக நல்ல பாகங்களையும் சேர்த்துக் கைவிட வேண்டியிருக்கிறது. இது எனக்கு இன்றும் வேதனைதான். அதனால்தான் 2021-இல் வெளிவந்த ஃப்ரேம்வொர்க் போல, பாகங்களை நாமே கழற்றி மாற்றக்கூடிய லேப்டாப்களை மனதார வரவேற்கிறேன். பெட்டியிலேயே ஸ்க்ரூடிரைவர், பாகங்களின் மேல் க்யூஆர் குறியீடு, கழற்றினாலும் அடிமூடியிலேயே தங்கிவிடும் ஸ்க்ரூக்கள்!

ஆனாலும் திறக்க எளிது என்பதால் மட்டும் ஒரு லேப்டாப் நீண்ட நாள் உழைத்துவிடாது. பலமுறை திறக்கப்படும் என்று நினைத்து அதைப் பூட்டியிருக்க வேண்டும்.

மதர்போர்டு வரை எல்லா லேப்டாப்பும் ஒன்றுதான். பலகையில் சால்டர் பசை தடவி, இயந்திரம் சிப்களை வைத்ததும், அடுப்பில் சுமார் 240 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவார்கள். ஈயம் கலக்காத சால்டர் 217 டிகிரியை ஒட்டி உருகிப் பிடித்துக்கொள்ளும். சிப்புக்கு அடியில் இருக்கும் இணைப்புகள் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

பாகங்களைப் பூட்டும் இடத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. பல லேப்டாப்களில், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்களின் அருகே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க இறுக்கினால் பிராசஸரின் ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தம் ஏறும். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட்டும் சீராகப் பரவாது. தொழிற்சாலையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுக்காத ஸ்க்ரூடிரைவர் உண்டு. நம் வீட்டில் நம் கை மட்டும்தான்.

கனெக்டர்களுக்கும் ஆயுள் உண்டு. யுஎஸ்பி-சி 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ரேம் ஸ்லாட்டுக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு 25 முறை. வைஃபை ஆன்டெனாவின் குட்டி கனெக்டருக்குச் சுமார் 30. சும்மா கழற்றிப் பார்க்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

லேப்டாப் தயாரானதும் தொழிற்சாலையில் திரை, கீபோர்டு, போர்ட்டுகள் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். முழு வேகத்தில் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனிப்பார்கள். சோதனைக்கு எடுத்த சில லேப்டாப்களின் திரை மூடியை இயந்திரம் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும். என்னைக் கேட்டால், கழற்றிப் பூட்டும் லேப்டாப்புக்கு இது பாதிச் சோதனைதான். ஒன்றின் பாகத்தை எடுத்து இன்னொன்றில் பொருத்தினால் இடைவெளியின்றி உட்கார வேண்டும், ஃபர்ம்வேர் (லேப்டாப்பின் உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்க வேண்டும். புதிய மதர்போர்டு பழைய உடற்கூட்டில் பொருந்துமா, உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

நீங்களே திறப்பதானால், சார்ஜரை எடுத்துவிட்டு, உள்ளே முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும் என்பதால் அதை வெளியேற்றும் கைப்பட்டையை மணிக்கட்டில் அணிவது நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ நெம்பவோ கூடாது; சார்ஜ் ஏற்றாமல் தேர்ந்தவரிடம் கொடுங்கள். ரேம் மாற்றினால் நினைவகச் சோதனையை முழுமையாக ஓடவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் முழுச் சுமையில் இயக்கி வெப்பநிலையைப் பாருங்கள். அடிமூடியைப் பூட்டிய பிறகே இதைச் செய்யுங்கள். மூடி இல்லாவிட்டால் காற்றோட்டம் மாறி, காட்டும் அளவு தவறாகிவிடும்.