நூல் தளராத மேசை

ஃபேனைப் போட்டால் இறகு பறக்கிறது. நிறுத்தினால் வியர்வை சொட்டுகிறது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஃப்ளை கட்டப் பழகுகிறவனுக்கு முதல் பிரச்சினை இதுதான். எந்த நூல், எந்த முள் என்று மாதக்கணக்கில் தேடித் தேடி வாசித்த எனக்கு, முதல் ஞாயிற்றுக்கிழமையே சேவல் இறகெல்லாம் சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மேசையைப் பற்றி யோசிக்கத் தோன்றியது.

ஃப்ளை என்றால் தூண்டில் முள்ளின் மேல் இறகு, மயிர், நூல் எல்லாம் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சி. நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் உள்ள ட்ரவுட் மீன், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரித்தானியர் கொண்டுவந்து விட்டது. அந்த மீனுக்குப் போடுவது இதைத்தான். வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் ஃப்ளைகளில் ஒரு பங்கு இலங்கைத் தொழிற்சாலைகளில் கையால் கட்டிப் போகிறது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

கட்டுவது என்று சொல்கிறோமே தவிர, இதில் முடிச்சு அநேகமாக இல்லை. கடைசியில் தலைப்பக்கம் ஒன்று போடுவோம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெறும் சுற்று. அப்படியென்றால் இறகு ஏன் கழன்று விழுவதில்லை?

துறைமுகத்தில் படகைக் கயிற்றால் கட்டி நிறுத்துகிறவரைக் கவனித்தால் விடை தெரியும். கயிற்றைத் தூணில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார். மறுபக்கம் படகு முழுப் பலத்தோடு இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு கூடுவது கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில். 18ஆம் நூற்றாண்டில் ஒய்லர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவைத்தார். உராய்வுக் குணகம் 0.2 என்று வையுங்கள். ஒரு சுற்றுக்குப் பிடிமானம் ஏறத்தாழ 3.5 மடங்கு. இரண்டு சுற்றுக்கு 12. மூன்றுக்கு 43. ஐந்தாவது சுற்றில் 530ஐத் தாண்டிவிடும். நூல் நுனியில் 30 கிராம் தொங்கினால், ஐந்து சுற்றுக்கு அப்பால் கணக்குப்படி 16 கிலோ வரை தாங்கும். அதற்கு வெகு முன்னமே நூல் அறுந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. சைபரை 530ஆல் பெருக்கினாலும் சைபர்தான். நுனியில் இழுவை ஒரு கணம் இல்லாமல் போனால் சுற்றுகள் அத்தனையும் தளர்ந்து, இறகு திரும்பிப் படுத்துவிடும். மேசையில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் அந்த 30 கிராமைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. எதற்குக் காசு செலவழிப்பது, எதற்கு வேண்டாம் என்பதும் இதை வைத்தே முடிவாகும்.

நூலைப் பிடிக்கும் கருவிக்குப் பொபின் என்று பெயர். தையல் மெஷினில் வரும் பொபின் அல்ல. இரண்டு கம்பிக் கால்கள் நூல்கட்டையை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும், நூல் ஒரு மெல்லிய குழாய் வழியாக வெளியே வரும். கையை எடுத்தாலும் அது தன் பாரத்தில் தொங்கி நூலை இழுத்துக்கொண்டே இருக்கும். நான் சைக்கிள் கம்பியையும் பேனா முனையையும் வைத்து ஒன்று செய்துபார்த்தேன். குழாயின் வாய் கண்ணுக்கு மழமழவென்று இருந்தது, நூலுக்கு அது கத்தி. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை அறுத்தது. எமரித் தாள் போட்டுத் தேய்த்தும் சரிவரவில்லை. ஆகவே பொபினைக் காசு கொடுத்து வாங்குங்கள். மற்றதில் மிச்சம் பிடிக்கலாம்.

முள்ளைப் பிடிக்கும் வைஸ் மலிவானதே போதும். பின்னாலுள்ள நெம்பை அழுத்தினால் தாடைகள் ஒரு கூம்புக் குழாய்க்குள் இழுபட்டு நெருங்கும், ஆப்பு மாதிரி. செட்டியார் தெரு நகைப் பத்தர்கள் கையில் வைத்திருக்கும் சின்னக் கைவைஸை ஒரு நிமிர்ந்த தண்டில் பூட்டினாலும் வேலை நடக்கும். கவனிக்க வேண்டியது அடிப்பலகை. முள் 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீங்கள் 200 கிராம் அளவுக்குப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள் என்றால், கவிழ்க்கும் திருப்பம் 4,000 கிராம்-சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் அகலமான, அரைக் கிலோ அடிப்பலகை தருகிற எதிர்ப்பு, பாதி அகலத்தை எடையால் பெருக்கினால், 3,750. கவிழும். எனக்குக் கவிழ்ந்தது, தேத்தண்ணீர்க் கோப்பைக்குள். சமையலறைக் கிரனைட் வெட்டும் இடத்தில் 15க்கு 15, இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் கழிவுத் துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். 1.2 கிலோ வரும், எதிர்ப்பு 9,000. அதன் பிறகு அசையவே இல்லை.

நூலுக்கு டெனியர் என்றொரு கணக்கு உண்டு: 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். சிறிய ஃப்ளைக்கு 70 டெனியர் எடுப்பார்கள். புறக்கோட்டையில் வாங்கும் சாதாரணத் தையல் நூல் அதைப் போல மூன்று மடங்கு வரும். பழகுவதற்கு அது பரவாயில்லை, தலை மட்டும் கொஞ்சம் வீங்கித் தெரியும்.

அப்புறம் கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நடைபாதையில் விற்கும் வாசிப்புக் கண்ணாடி போதும். 1ஐ அதன் எண்ணால் வகுத்தால் குவியத்தூரம் மீட்டரில் வரும். 2.5 எண் என்றால் 40 சென்டிமீட்டர். தூரப்பார்வை சரியாக உள்ள ஒருவருக்கு அந்தத் தூரத்தில் முள் இருந்தால் கண் சிரமப்படாது. அப்படியென்றால் கதிரையின் உயரத்தைப் பார்த்து வைஸை வைக்கக் கூடாது, கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் அளந்து வைக்க வேண்டும். சாப்பாட்டு மேசை இதற்குத் தாழ்வு. நான் வைஸுக்கு அடியில் இரண்டு பழைய டெலிபோன் புத்தகங்களை வைத்திருக்கிறேன், கழுத்துவலி போய்விட்டது. முள்ளுக்குப் பின்னால் வெளிர்நீல மட்டை ஒன்றை நிறுத்தி வையுங்கள், முள்ளும் நூலும் எடுப்பாகத் தெரியும். செலவே இல்லாத இந்த ஒன்று, இரண்டாவது விளக்கு வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

இறகு கோழிக்கடையில் சும்மா கிடைக்குமே என்று நினைத்தேன். கிடைக்கும், ஆனால் உதவாது. இறைச்சிக் கோழியை ஆறு வாரமளவில் அறுத்துவிடுகிறார்கள். சேவலின் கழுத்தில் நீண்டு விறைத்த இறகு முளைக்க அதற்கு ஆயுள் போதாது. மிதக்கும் ஃப்ளைக்கு அந்த விறைப்புத்தான் வேண்டும். இழைகள் நீரின் மேற்பரப்பைக் குத்திக் கிழிக்காமல் அதன் மேல் காலூன்றி நிற்கும். வயதான நாட்டுச் சேவல் தேடுங்கள். கிடைத்த இறகைக் கழுவிக் காயவைத்து, பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் அந்தும் வண்டுப் புழுவும் சாகும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உடம்புப் பகுதிக்கு மயிலிறகின் இழையைப் போல ஒன்றில்லை. அந்தப் பச்சை சாயமல்ல. இழைக்குள் அடுக்கடுக்காக நிற்கும் நுண்ணிய மெலனின் கோல்கள் ஒளியைத் தெறித்துக் காட்டும் நிறம் அது. அதனால் தண்ணீரில் ஊறினாலும் கரைந்து போகாது. சாமியறையில் இருந்த ஒன்றிலிருந்து நாலு இழை உருவும்போது அம்மா பார்த்துவிட்டார். “சாமியின்ர இறகாலையோ மோனை மீன் பிடிக்கப் போறாய்?”

கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது, முள் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். மூடி இறுக்கமான போத்தலில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள்.

ஃபேன் விஷயம் இப்போது ஓரளவு தீர்ந்திருக்கிறது. சின்ன மேசை ஃபேன் ஒன்றை மேசைக்கு அடியில் காலைப் பார்த்து வைத்தேன். மேசையின் மூன்று பக்கமும் இரண்டு அங்குல உயரத்தில் மட்டை ஒட்டினேன். கால் குளிர்ந்தால் உடம்பு பாதி சமாதானமாகிறது. நெற்றிக்கு ஒரு துவாய்.