ஆடிக் கொழுக்கட்டையும் பிள்ளையின் விரல்களும்

"மிஸ், இவனுக்கு இன்னும் 'அ' எழுத வரவில்லை. முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுதுகிறார்களாம்." மட்டக்களப்பில் என்னைப்போல் சிறுவர்களுக்கான தொழில்வழிச் சிகிச்சையாளராக (அன்றாட வேலைகள் வழியாகவே கை, உடல் திறன்களைப் பழக்குபவராக) வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன முறைப்பாடு. கல்லடியிலிருந்தும் வருகிறார்கள், ஏறாவூரிலிருந்தும் வருகிறார்கள், படுவான்கரையிலிருந்து பஸ் மாறி வந்து சேர்கிறவர்களும் உண்டு. பிள்ளையின் வயதைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று, மூன்றரை. அந்த வயதில் 'அ' எழுத வராதது நோயே இல்லை. எழுது எழுது என்று நெருக்குவதுதான் பின்னால் கோளாறாக வந்து நிற்கிறது.

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எட்டும் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகவே எலும்பாகின்றன, கடைசி எலும்பு உருவாகும்போது பிள்ளைக்கு 8 முதல் 12 வயது ஆகிவிடும். அதுவரை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அதட்டும்போது, எதிரே இருப்பது எவ்வளவு இளசான கை என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரைவதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஏறத்தாழ 2 வயதில் நேர்கோடு, 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, அதன் பிறகு சதுரம், 5 வயதளவில் முக்கோணம். இப்போது 'அ' என்ற எழுத்தைப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. வட்டத்தையே இப்போதுதான் பழகும் கைக்கு இதைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும், தாள் கிழியும்வரை அழுத்தும், ஒரு வரி முடிவதற்குள் களைத்துவிடும். தரம் 1க்குச் சேர்ப்பதற்கே ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அரசாங்கமே அவசரப்படாத விடயத்தில் நாம் ஏன் ஓடுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எழுதும் கொப்பியை மூடி வைத்துவிட்டு வீட்டில் ஒரு நாள் கொழுக்கட்டை அவியுங்கள் என்று சொன்னால் சில தாய்மார் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை" பாட்டு பிள்ளைக்குத் தெரியுமா என்று அடுத்துக் கேட்பேன். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்களுக்காக எழுதிய பாடல். 'சிறுவர் செந்தமிழ்' என்ற அவருடைய நூலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பாட்டுத்தான், ஆனால் மட்டக்களப்பில் அதைப் பாடி வளராத தலைமுறை குறைவு. விடுதலை நாளின் குதூகலமாகத் தொடங்கி, பாதி வழியில் அது முழுச் சமையற் குறிப்பாகவே மாறிவிடுகிறது. பயறு வறுபடுகிறது, அரிசி இடிபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, மா குழைகிறது, கிள்ளித் தட்டிய மாவுக்குள் சர்க்கரைக் கலவை போகிறது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது பாட்டிலேயே இருப்பதால், அடுத்து என்ன என்று பிள்ளை நம்மைக் கேட்க வேண்டியதில்லை. வேலைகளை வரிசையாக நினைவில் வைப்பதும் நாங்கள் சிகிச்சையில் பழக்குகிற ஒன்றுதான்.

பாட்டில் எனக்கு ஒரே ஒரு குறை. சமையல் வேலை முழுவதையும் அம்மாவே செய்கிறார்; பிள்ளைகள் பலா இலை பொறுக்கி வந்து மடித்துக் கூழ் குடிப்பதோடு சரி. வீட்டில் அதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

அளவு எளிது. வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கப், அவித்த பயறு ஒரு கப், தேங்காய்ப்பூ ஒரு கப், தூளாக்கிய பனங்கட்டியோ சர்க்கரையோ அரைக் கப், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மா குழைக்கக் கொதிநீர். வறுப்பது, அவிப்பது, திருவலையில் தேங்காய் துருவுவது, கொதிநீர் ஊற்றுவது எல்லாம் பெரியவர்களின் வேலை. திருவலையின் பல்லுக்குப் பக்கத்தில் சின்ன விரல் போகவே கூடாது. மற்றதெல்லாம் பிள்ளைக்கு.

பயறைச் சுளகில் பரப்பிக் கல்லும் சொத்தையும் பொறுக்கச் சொல்லுங்கள். பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சந்திக்காமல் ஒரு பயறைத் தூக்க முடியாது. ஆனால் 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பக்கத்தில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். மூக்கில் போட்ட பயறோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவது வேடிக்கையான விடயமில்லை. மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மாவை இளஞ்சூட்டில் கொடுத்தால் பிள்ளை இரண்டு கையாலும் அழுத்திக் குழைக்கும். நிலத்தில் பாய் விரித்து முழங்காலில் நின்று குழைத்தால் தோளும் சேர்ந்து உழைக்கும். தோள் உறுதியாக நிற்காத பிள்ளைக்கு விரல் நுனியில் நிதானம் வராது. எழுதும்போது மேசையில் சாய்ந்து படுக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

பிறகு தேசிக்காய் அளவில் கிள்ளி உருட்ட வேண்டும். உருண்டையின் நடுவில் பெருவிரலை வைத்துக் கிண்ணம்போல் குழித்தெடுக்கும் இடத்தில்தான் நான் கண் எடுக்காமல் பார்ப்பேன். ஒரு கை அழுத்துகிறது, மற்றக் கை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுக்கிறது. எழுதும்போது ஒரு கை பென்சிலை ஓட்ட மற்றக் கை தாளைப் பிடித்து நகர்த்துவதும் இதே கூட்டு வேலைதான். கலவையைக் கரண்டியால் உள்ளே வைக்கும்போது மணிக்கட்டுத் திரும்புகிறது. ஓரத்தை மடித்துப் பல் பல்லாகக் கிள்ளும்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் உழைக்கின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. பென்சிலைச் சரியாகப் பிடித்திருக்கும் கையை உற்றுப் பார்த்தால் அங்கும் இதே ஒழுங்கைக் காண்பீர்கள். அந்த மூன்று விரல் பிடி நாலரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் நன்றாகப் படிகிறது.

பிள்ளை செய்த கொழுக்கட்டை கோணலாக இருக்கும், வாய் பிளந்து பயறு வெளியே எட்டிப் பார்க்கும். அதைப் பிரித்து அழகாகத் திருத்திச் செய்துவிடாதீர்கள். அம்மம்மாமாருக்கு இந்த இடத்தில் கை சும்மா இருக்காது. அவர்களுக்கு வேறு வேலை கொடுத்து அனுப்புங்கள். இடியப்பத்தட்டிலோ நீத்துப்பெட்டியிலோ பதினைந்து நிமிடம் அவிந்து வந்ததும், ஆற வைத்து, பிள்ளை செய்ததைப் பிள்ளைக்கே கொடுங்கள். பனங்கட்டியும் இனிப்புத்தான் என்பதால் வாரம் முழுக்கக் கொழுக்கட்டை அவிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற நாட்களில் ரொட்டிக்கு மா உருட்டலாம், கீரை ஆயலாம், உள்ளி உரிக்கலாம்.

சில பிள்ளைகளுக்குக் கையில் மா ஒட்டினாலே ஆகாது. விரல்களை விரித்து வைத்துக்கொண்டு அழும், சட்டையில் துடைக்கும். செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று உறவினர் சொல்வார்கள். பெரும்பாலும் அது தொடுகை உணர்வு கூர்மையாக இருப்பதால் வருவது. கையைப் பிடித்து மாவுக்குள் அமுக்கினால் அடுத்த முறை குசினிப் பக்கமே வராது. அரிதட்டில் உலர்ந்த மாவை அரிக்கக் கொடுங்கள், கலவையைக் கரண்டியால் கிளறக் கொடுங்கள், பக்கத்தில் ஈரத் துணி ஒன்று இருக்கட்டும்.

இடது கையால் செய்கிற பிள்ளையை இடது கையாலேயே செய்ய விடுங்கள். சாப்பிடுவதற்கு வலது கை என்ற நம் வழக்கம் எனக்கும் தெரியும், ஆனால் எந்தக் கையில் வேலை ஓடுகிறது என்பதை முடிவு செய்வது மூளை. அடித்து மாற்றினால் எழுத்தும் கெடும், தைரியமும் கெடும்.

பென்சில் எடுக்கும் காலம் வந்ததும் 'அ'வில் தொடங்காமல் கோடுகளால் ஆன 'ட', 'ப' போன்றவற்றில் தொடங்கினால் பிள்ளைக்குச் சுகம். அதற்கும் முன் மணலில், சுவரில், ஈர நிலத்தில் என்று பெரிது பெரிதாகக் கிறுக்க விடுங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் கொழுக்கட்டையோடு நின்றுவிடக் கூடாது. ஒரு வயது ஆவதற்குள்ளேயே பிள்ளை ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையை மடக்கியே வைத்திருந்தால், முன்பு செய்த வேலையை இப்போது செய்யாமல் விட்டால், 5 வயதாகியும் கரண்டி பிடிக்கவோ பெரிய பொத்தானைப் போடவோ முடியாமல் தவித்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் வழியாகச் சிறுவர் மருத்துவரிடமும் அங்கிருந்து எங்களிடமும் வரலாம். வரும்போது கிளினிக் கொப்பியையும், பிள்ளை தானாகக் கிறுக்கிய தாள்கள் இரண்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். அம்மா கை பிடித்து எழுதிக் கொடுத்த பக்கங்கள் எங்களுக்கு உதவாது.