லென்ஸ் ஹூட்டுக்கு ஏன் இதழ்கள்?

கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்தின் கோபுரத்தை முற்பகலில் அண்ணாந்து படமெடுத்தால், கருங்கல் சாம்பல் பூசினாற்போல் வெளிறி விழுகிறது, லென்ஸ் பழுதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதில்லை. படச் சட்டத்துக்கு வெளியே நிற்கிற சூரியன் லென்ஸின் முன்கண்ணாடியில் விழுகிறது. அதைத் தடுக்க லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு, அதாவது ஹூட், அங்கே இல்லை.

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதத்தைத் தெறிக்க வைக்கும். பதினைந்து வில்லை கொண்ட ஒரு சூம் லென்ஸில் முப்பது பரப்பு என்று வையுங்கள். பூச்சு இல்லாவிட்டால் 30 வீத ஒளிகூடக் கடைசிவரை போய்ச்சேராது. 1935இல் ஜெர்மன் லென்ஸ் நிறுவனமான சைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த தெறிப்பெதிர்ப் பூச்சுத்தான் இன்றைய லென்ஸ்களுக்கு வாழ்வு தந்தது. நல்ல பூச்சில் தெறிப்பு அரை வீதத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் சூரியன் சூரியன்தான். நிழல்பட்ட கருங்கல்லோடு ஒப்பிட்டால் அதன் அரை வீதமும் வெள்ளம். பரப்புக்குப் பரப்பு தெறித்துத் திரியும் அந்த ஒளி படம் முழுவதும் மெல்லிய பனிபோலப் படர, கறுப்பு வெளிறுகிறது.

ஆகவே ஹூட்டின் வேலை ஒன்றே: படத்துக்குத் தேவையான ஒளியில் கை வைக்காமல், மற்றதை முடிந்தவரை மறைப்பது. எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஆனால் ஹூட்டின் விளிம்பு படத்துக்குள் தலைகாட்டக் கூடாது. இந்த இழுபறியில்தான் ஹூட்டின் விளிம்பில் பூவிதழ்போலத் தெரியும் அந்த அழகான வடிவம் பிறக்கிறது.

குவியத்தூரம் 24 மி.மீ. உள்ள லென்ஸ், 36க்கு 24 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் காண்பது ஒரு செவ்வகக் கூம்பகம். ஹூட்டோ உருளை, ஆரை 40 மி.மீ. ஆகட்டும். மேலும் கீழும் பார்வை குறுகலாக இருப்பதால் உருளை 80 மி.மீ. வரை நீளலாம். பக்கங்களில் 53 மி.மீ.தான். மூலைகளில் பார்வை மிக அகலம். அங்கே 44 மி.மீ.க்கு மேல் போனால் படத்தின் மூலை கறுத்துவிடும். அதனால்தான் மேலும் கீழும் நீண்ட இதழ், பக்கங்களில் குட்டை இதழ், மூலைகளுக்கு நேரே பள்ளம்.

இதழின் விளிம்பு ஏன் வளைவாக இருக்கிறது? கூம்பகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு தட்டைத் தளம். அது உருளையைச் சாய்வாக வெட்டுகிறது. முருங்கைக்காயைச் சரித்து வெட்டினால் வெட்டுமுகம் நீள்வட்டமாக வருமே, அதேதான். ஒரு மெழுகுதிரியில் தாளைச் சுற்றி, கூரிய கத்தியால் சரித்து வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள்: விளிம்பு அலையலையாக இருக்கும். அது சைன் வளைவு. நீண்ட இதழ் ஒரு சைன் முகடு, குட்டை இதழ் இன்னொன்று, இரண்டும் சரியாக 44 மி.மீ.யில் சந்திக்கின்றன. அலங்காரத்துக்கென்று யாரும் வரைந்த பூவல்ல அது. நம் பாடசாலைகளில் சாதாரண தரத்துக்குக் கதிர்ப்படம் கீறவைக்கிறோம், உயர்தரத்தில் சைன் வளைவு கீறவைக்கிறோம். இரண்டையும் ஒரு கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டவைக்க யாரும் ஒரு பாடவேளை ஒதுக்குவதில்லை. ஆய்வுகூடத்துக்குப் பணமில்லை என்பது இதற்குச் சாட்டாகாது.

மேலே சொன்ன நீளங்கள் ஹூட்டின் வெளி நீளமல்ல. லென்ஸுக்குள்ளே ஒளி புகும் துவாரம் இருப்பதாகத் தோன்றும் இடத்திலிருந்து அளந்தவை. துவாரம் ஒரு புள்ளியுமல்ல, எஃப் 2.8 என்ற துவார அளவில் அதன் விட்டம் 8.6 மி.மீ. ஆதலால் 80ஐ 71 ஆகக் குறைக்கவேண்டி வரும்.

இனி வாங்குவது. முதல் தெரிவு உங்கள் லென்ஸுக்கென்றே குறித்த இலக்கமுள்ள ஹூட். கெனனின் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு இஎஸ்-68, இஎஃப்-எஸ் 18-55 மி.மீ. ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸுக்கு இடபிள்யூ-63சி. இவை முறுக்கிப் பூட்டும் வகை. இதழ் உள்ள ஹூட்டானால் இதழ்கள் எப்போதும் சரியான இடத்தில் நிற்கும். லென்ஸின் முன்விளிம்பிலுள்ள பில்டர் மரையில் திருகும் இதழ் ஹூட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். மரை எங்கே இறுகி முடிகிறது என்பது கையில் இல்லை. மேற்சொன்ன ஹூட் 10 பாகை திரும்பினாலே எதிரெதிர் மூலைகள் இரண்டு நன்றாகக் கறுத்து, மற்ற இரண்டும் லேசாகக் கறுக்கும். குவியம் மாற்றும்போது முன்பகுதி சுழலுகிற பழைய கிட் லென்ஸ்களுக்கும் (கமராவோடு சேர்த்து விற்கப்படுபவை) இதழ் ஆகாது, வட்ட ஹூட்டே சரி.

சூம் லென்ஸின் ஹூட் அதன் மிக அகன்ற கோணத்துக்கு அளந்தது. 18-55இல் 55 மி.மீ.க்குப் போனால் அது தேவையைவிடக் குட்டை. ஃபுல் ஃபிரேம் லென்ஸைச் சென்சர் சிறிதான ஏபிஎஸ்-சி கமராவில் மாட்டினாலும் அப்படியே. அந்நேரம் முன்கண்ணாடியை முன்னாலிருந்து பாருங்கள். வெயில் அதில் பட்டுக்கொண்டிருந்தால், கையாலோ குடையாலோ அந்தக் கண்ணாடியில் நிழல் விழும்படி மறையுங்கள். கோபுரப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் இது ஹூட்டோடு சேர்த்துத் தேவைப்படும். சூரியன் சட்டத்தின் விளிம்பை ஒட்டி நிற்கையில் எந்த ஹூட்டும் முழுதாக மறைக்காது. காலிமுகத்திடலில் சூரியன் படத்துக்குள்ளேயே மறையும்போது ஹூட்டால் வெளிச்சத்துக்குப் பயனில்லை, கடற்துளியைத் தடுப்பது மட்டும்தான் இலாபம்.

மலிவு ஹூட்டில் உட்புறத்தைப் பாருங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் சரிவான ஒளியில் கண்ணாடிபோல மின்னி, தடுக்கவேண்டிய ஒளியைத் தானே லென்ஸுக்குள் அனுப்பும். வரிவரியான பள்ளங்களோ மங்கல் கறுப்போ வேண்டும். இல்லாவிட்டால் பசையுள்ள கறுப்பு வெல்வெட் துணியை உள்ளே ஒட்டினால் போதும்.

யன்னல் கண்ணாடியூடாக நகர விளக்குகளை எடுப்பவர்களுக்கு மடியும் ரப்பர் ஹூட்டே ஏற்றது. கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் அறை விளக்கின் விம்பம் வராது. கமராவிலுள்ள பிளாஷைப் போடும்போது மட்டும் ஹூட்டைக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழும்.

கடையிலேயே சோதிக்கலாம். மிக அகன்ற கோணம், குவியம் முடிவிலியில், ஹூட் டிக்கென்று பூட்டும்வரை முறுக்கி, வெள்ளைச் சுவரை இருமுறை எடுங்கள்: துவாரத்தை முழுதாகத் திறந்து ஒன்று, எஃப் 16க்குச் சுருக்கி ஒன்று. பிறகு ஹூட்டைக் கழற்றி அதே இரண்டு. திறந்த துவாரத்தில் மூலை லேசாக மங்குவது லென்ஸின் இயல்பாகவும் இருக்கலாம். ஹூட் இல்லாத படத்தோடு ஒப்பிட்டால் தெரியும். எஃப் 16இல் மூலையில் கூரிய கறுப்பு விளிம்பு தெரிந்தால் அந்த ஹூட் உங்கள் லென்ஸுக்குரியதல்ல.