நகர்ந்தது செறிவா, வெப்பநிலையா?

ஒளியிழையைத் திரவத்தில் முக்கி, "ஒளிவிலகல் எண்ணில் 0.00001 மாற்றத்தையும் உணர்கிறது" என்று எழுதும் அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. திரவத்தின் வெப்பநிலையைத் தேடினால் "அறை வெப்பநிலை" என்று மட்டும் இருக்கிறது. இதை எத்தனை முறைதான் திருப்பி அனுப்புவது?

தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி 1 டிகிரி சூடானால் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 குறைகிறது. நீங்கள் உணர்ந்ததாகச் சொல்லும் மாற்றத்தைப் போல் பத்து மடங்கு! சர்க்கரைக் கரைசலில் 1 சதவீதச் செறிவுக்கு எண் 0.0014 அளவில் கூடும். அதாவது, கரைசல் 1 டிகிரி குளிர்ந்தாலே 0.07 சதவீதம் சர்க்கரை சேர்ந்ததுபோல் காட்டும்.

"பக்கத்தில் பிராக் கிரேட்டிங் வைத்து ஈடுசெய்துவிட்டோம்" என்பார்கள். (இழைக்குள் பொறித்த, ஒரே ஒரு அலைநீளத்தைத் திருப்பி அனுப்பும் வரிசைக் கோடுகள் அது; சூடானால் அந்த அலைநீளம் நகரும்.) எரிச்சலே இங்கேதான். அந்தக் கிரேட்டிங்கின் நகர்வைக் கழித்தால் போவது கண்ணாடியின் வெப்ப நகர்வு மட்டுமே. திரவத்தின் எண் மாறியது அப்படியே மிஞ்சும். கண்ணாடிக்கு ஒரு கணக்கு, திரவத்துக்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியே போட்டாக வேண்டும். 0.00001 வேண்டுமென்றால் திரவத்தை 0.1 டிகிரிக்குள் நிறுத்துங்கள். தெர்மிஸ்டர் என்ற வெப்பநிலை உணரி இழைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கிளாடிங் (ஒளி செல்லும் உள்ளகத்தைச் சுற்றிய கண்ணாடி உறை) குறையாத சாதாரண பிராக் கிரேட்டிங்கை முக்கிவிட்டு ஒளிவிலகல் எண்ணை அளந்ததாகவும் சிலர் எழுதுகிறார்கள். ஒளி திரவத்தைத் தொடவே இல்லை. நீங்கள் பார்த்தது வெப்பநிலையை.

லாங் பீரியட் கிரேட்டிங் (கோடுகளின் இடைவெளி பெரிதாக இருந்து, ஒளியைக் கிளாடிங்குக்குள் திருப்பும் வகை) என்றால் இழை வளையவே கூடாது. ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் எப்போதும் ஒரே எடையைத் தொங்கவிடுங்கள். திரவத்தை மாற்ற இழையை வெளியே எடுக்காதீர்கள். கலத்தை வடித்து நிரப்புங்கள். குமிழி ஒட்டியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு வடிநீர். அதன்பின் வடிநீரின் அளவு பழைய இடத்துக்கு வராவிட்டால் மேற்பரப்பில் படலம் இருக்கிறது. அடுத்த மாதிரிக்குப் போகாதீர்கள். ஒப்பீட்டு எண்ணையும் சரிபாருங்கள்: தண்ணீருக்கு 589 நானோமீட்டரில் 1.333, ஆனால் 1550இல் சுமார் 1.318.

ஒளி திரவத்தைத் தொடவேண்டும் என்று கிளாடிங்கை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தனியாகச் செய்யாதீர்கள். நீர்த்த அமிலம் பட்டால் வலி மணிக்கணக்கில் தாமதித்தே வரலாம். அதற்குள் அது உள்ளே இறங்கிவிடும். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, டெஃப்லான்தான். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தோலில் பட்டால் உடனே தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தடவி, வலிக்காவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.