தோளில் கிடக்கும் பாம்புக்கு என்ன தெரிகிறது?

பூங்காவுக்கு ஒருவர் தோளில் பாம்போடு வந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிடும். கிட்டே வர ஆசை, தொட பயம். "கடிக்காதுங்களா?" என்று யாராவது கேட்பார்கள். "ரொம்ப சாது, பாருங்க, அசையக்கூட இல்ல" என்று பதில் வரும். சாது என்பது பெரும்பாலும் உண்மைதான். வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பும் கார்ன் பாம்பும் நஞ்சில்லாதவை, கையில் எடுத்துப் பழகியவை எளிதில் கடிப்பதில்லை. ஆனால் அதற்கு அவர் காட்டும் சாட்சி செல்லாது. அசையாமல் கிடப்பதை மட்டும் வைத்து ஒரு பாம்பு நிம்மதியாக இருக்கிறதா, நடுங்கிப்போய் இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

நாய் பயந்தால் வால் இறங்கும், காது மடியும். பூனைக்கு முடி சிலிர்க்கும். பாம்பின் முகத்தில் உணர்ச்சியைக் காட்டும் தசைகளே இல்லை. இமையும் கிடையாது, கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில் நிரந்தரமாக மூடியிருக்கிறது. தூங்கினாலும் திகைத்தாலும் அதே முகம், அதே பார்வை. போதாக்குறைக்கு, பல பாம்புகளின் முதல் தற்காப்பே அசையாமல் இருப்பதுதான். இரை தேடும் பறவையின் கண் அசைவைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால், அசையாத பாம்பு பிழைத்துக்கொள்ளும். பந்து மலைப்பாம்பு இன்னும் ஒரு படி மேலே போய், தலையை நடுவில் புதைத்து உடலை உருண்டையாகச் சுற்றிக்கொள்ளும். "எவ்வளவு அழகா சுருண்டு படுத்திருக்கு" என்று படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது பயந்துபோன ஒரு பாம்பைத்தான்.

கையில் வைத்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியும், கவனித்தால். நிதானமாக இருக்கும் பாம்பின் எடை முன்கையில் தளர்வாகப் படியும். வயிற்றுச் செதில்கள் ஒவ்வொன்றாக விரல்களைப் பற்றி விட்டு நகரும், நாக்கு நீளமாக வெளியே வந்து மேலும் கீழும் நிதானமாக அலையும். பயந்த பாம்பு விறைப்பாக இருக்கும். பிடி திடீரென்று இறுகும், கழுத்து பின்னுக்கு இழுபட்டு 'எஸ்' போல வளையும், மூச்சு வேகமாகும். நாக்கு வெளியே வருவது நின்றே போகலாம். தொலைவில் நின்று பார்க்கும் கூட்டத்துக்கு இதில் எதுவும் தெரியாது.

சரி, வெளியே கொண்டுவந்தால் பாம்பின் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? வெப்பத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பாம்பின் வாழ்க்கையில் பாதி வெப்பத்தைப் பற்றியதுதான்.

நம் உடல் சாப்பாட்டை எரித்துத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. பாம்பு அதற்கான செலவை ஏற்பதில்லை, சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் வாரத்துக்கு ஒரு எலி, பாம்பு பெரியதாக இருந்தால் அதைவிடக் குறைவு, அதற்குப் போதுமானதாக இருக்கிறது. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: சூடு வேண்டும்போது சூடான இடத்துக்கும், போதும் என்றால் குளிர்ந்த இடத்துக்கும் நகர முடிய வேண்டும். நல்ல கூண்டு என்பது அடிப்படையில் இந்த ஏற்பாடுதான். பந்து மலைப்பாம்பின் கூண்டில் ஒரு மூலை 31, 32 டிகிரி செல்சியஸ், எதிர்மூலை 25, 26 டிகிரி என்று வைப்பார்கள். பாம்பு நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே போய்வந்து தன் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். வியர்வைச் சுரப்பி கிடையாது, நடுக்கம் எடுத்துச் சூடாக்கிக்கொள்வதும் முட்டையை அடைகாக்கும் சில மலைப்பாம்புகளைத் தவிர மற்றவற்றால் முடியாது. இருக்கும் ஒரே கருவி இடம் மாறுவது. தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் நாம் பறித்துக்கொள்வது அந்தக் கருவியைத்தான்.

நீண்டு மெலிந்த உடம்பு என்பதால் எடையோடு ஒப்பிட்டால் பாம்பின் தோல்பரப்பு அதிகம். ஆகவே சூடும் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும், குட்டிகளுக்கு இன்னும் வேகமாக. 20 டிகிரியில் காற்று வீசும் ஒரு மாலைப்பொழுது நமக்கு இதமாக இருக்கும், ஆனால் கார்ன் பாம்புக் குட்டியின் உடம்பு மளமளவென்று குளிர்ந்துவிடும். அப்போது அது மனிதரின் கழுத்தோரம், சட்டைக்குள், அக்குளுக்குள் என்று புகும். "என்னைவிட்டுப் பிரியவே மாட்டேங்குது" என்று அதை வளர்ப்பவர் பெருமைப்படுவார். நம் தோலின் சூடு 33 டிகிரியை ஒட்டி இருக்கும், பாம்பு தேடும் அளவுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பாசம் எதுவுமே இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அந்த நேரத்து நெருக்கத்துக்குச் சூடு ஒன்றே போதுமான காரணம்.

குளிரைவிட வெயில் ஆபத்தானது. குளிர்ந்த பாம்பு மந்தமாகும், பெரும்பாலும் மீண்டுவிடும். உடல் சூடு 40 டிகிரியை நெருங்கினால் மீள்வது கஷ்டம். உச்சி வெயிலில் தார்ச்சாலையும் சிமென்ட் தரையும் 50 டிகிரியைத் தாண்டும், அதன்மேல் "கொஞ்சம் ஊர்ந்துபோகட்டும்" என்று விடுவது வயிற்றைச் சுடுவதுதான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவை வெயிலில் வைத்தால் நிமிடக் கணக்கில் அடுப்பாகிவிடும். பூட்டிய காரும் அப்படியே. வெயிலில் நிறுத்திய கார்களின் உட்புறத்தை 2005இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். வெளியே மிதமான வெப்பம் இருந்த நாட்களிலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி ஏறியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை.

வயிற்றில் இரை இருக்கும்போது இது இன்னும் சிக்கல். முழு எலியைச் செரிக்கப் பாம்பு தன் உடலியக்கத்தைப் பல மடங்கு முடுக்கிவிடுகிறது, அதற்கும் வெளிச்சூடுதான் வேண்டும். இடையில் குளிர்ந்தாலோ, தூக்கி அலைக்கழித்தாலோ இரையைக் கக்கிவிடும். உணவு வீணாவதோடு, அமிலம் ஏறி வரும் வழியில் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். சாப்பிட்டு இரண்டு நாளாவது தொடாதே என்று வளர்ப்பவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்து ஓசை. பாம்புக்குக் காது கேட்காது என்று பள்ளியில் படித்தவர்கள் அதை மறந்துவிடலாம். வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை, உள்காது உண்டு. தாடை எலும்போடு இணைந்த ஒரு சிறு எலும்பு அதிர்வை உள்ளே கொண்டுசெல்கிறது. 2012இல் பந்து மலைப்பாம்புகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து சோதித்தபோது, 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகளை அவை மிக நன்றாக உணர்வது தெரிந்தது. காற்றில் வரும் ஓசையும், போதுமான அளவு பலமாக இருந்தால், மண்டையோட்டை அதிரவைத்து உள்ளே போய்ச் சேர்கிறது. 2023இல் ஆஸ்திரேலியாவில் ஒலிபுகாத அறையில் பாம்புகளுக்கு ஒலி போட்டுப் பார்த்தார்கள். வோமா மலைப்பாம்புகள் ஓசையை நோக்கி நகர்ந்தன, தைபான் போன்ற நஞ்சுள்ளவை விலகிப் போயின. ஆக, பேருந்து எஞ்சினின் உறுமல், கடந்துபோகும் ஊர்வலத்தின் முரசு, பக்கத்து ஒலிபெருக்கியின் அடித்தாளம் எல்லாமே பாம்புக்குப் போய்ச் சேரும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. தோளில் கிடந்தால் தன்னைச் சுமப்பவரின் ஒவ்வொரு காலடியும் உடம்பு முழுக்க அதிரும்.

நாக்கின் கதை இதைவிட நுட்பமானது. பாம்பு நாக்கை நீட்டுவது சுவை பார்க்க அல்ல. காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை நாக்கு ஒட்டியெடுத்து, மேலண்ணத்தில் இருக்கும், வாசனை அறியும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுசேர்க்கிறது. அது ஏன் பிளவுபட்டிருக்கிறது என்பதற்கு உயிரியலாளர் கர்ட் ஷ்வெங்க் 1994இல் ஒரு விளக்கம் தந்தார். இரண்டு நுனிகளும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் மாதிரி எடுக்கின்றன. வலது நுனியில் வாசனை கூடுதலாக இருந்தால் தடம் வலப்பக்கம் போகிறது என்று பொருள். வீட்டுக் கூண்டில் இந்தத் தகவல் பெரும்பாலும் மாறாதது: தன் வாசனை, தன் ஒளிவிடம், தண்ணீர்க் கிண்ணம். பூங்காவில் நாய், புகை, சென்ட், புல், நூறு மனிதர்கள், அத்தனையும் ஒரே மூச்சில். அது ஊக்கமா, திணறலா என்பது பாம்புக்குப் பாம்பு மாறும். ஆனால் அந்த நேரத்தில் ஒளிந்துகொள்ள ஓர் இடம் இல்லை என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

பெரும்பாலான மலைப்பாம்புகளுக்கு இன்னொரு புலனும் உண்டு. உதட்டோரக் குழிகளில் இருக்கும் நரம்புகள் அகச்சிவப்புக் கதிரை, அதாவது பொருள்களிலிருந்து வரும் சூட்டை, தொடாமலே உணரும். இதற்குப் பின்னால் ட்ரிப்-ஏ1 என்ற புரதம் இருப்பதை டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 2010இல் காட்டியது. வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் விதம் குறித்த பணிக்காக அவர் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், "நானும் தொடலாமா?" என்று நீளும் ஒவ்வொரு கையும் மலைப்பாம்புக்குத் தன்னை நோக்கி வரும் ஒரு சூடான பொருள். மேலிருந்து தலையை நோக்கி வந்தால் அது எதிரி. எலியையோ முயலையோ கொஞ்சிவிட்டு வந்த கையாக இருந்தால் அது சாப்பாடு. தொட விரும்புகிறவர்களை உடலின் நடுப்பகுதியைப் பக்கவாட்டிலிருந்து தொடச் சொல்வது அதனால்தான்.

கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வதைப் பற்றிச் சில வரிகள். சுற்றி இறுக்கும் பாம்பு மூச்சை நிறுத்திக் கொல்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. உயிரியலாளர் ஸ்காட் போபேக்கின் குழு 2015இல் போவாப் பாம்புகளிடம் அளந்தபோது, இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் சரிந்தது தெரிந்தது. மூச்சுக்கு முன்பே இரத்தம் நின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் நீளப் பந்து மலைப்பாம்பு அப்படி ஒரு மனிதரை எதுவும் செய்துவிடாது. ஆனால் இரண்டரை, மூன்று மீட்டர் மலைப்பாம்பு நாய் குரைத்ததில் திடுக்கிட்டுப் பிடியை இறுக்கினால், அது விழாமல் இருக்கத்தான் பிடிக்கிறது என்பது கழுத்துக்குத் தெரியாது. பெரிய பாம்பைக் கையாள எப்போதும் இரண்டாவது ஆள் வேண்டும் என்பது அனுபவசாலிகளின் விதி, தெருவிலும் அதே விதிதான்.

இனி மனிதர்கள் பக்கம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது வெறும் பழமொழி அல்ல. பூக்களுக்கும் காளான்களுக்கும் நடுவே ஒளிந்த பாம்புப் படத்தை மனிதர்கள் மிக வேகமாகக் கண்டுபிடிப்பதை 2001இல் ஸ்வீடன் உளவியலாளர்கள் காட்டினார்கள். 2013இல், பாம்போடு பழக்கமே இல்லாத குரங்குகளின் மூளையில் சில நரம்பணுக்கள் முகம், கை, வடிவம் ஆகியவற்றைவிடப் பாம்புப் படத்துக்கு விரைவாகவும் பலமாகவும் துடிப்பது பதிவாயிற்று. ஆகவே பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அலறினால் அது அறியாமை என்று சிரிப்பது நியாயமில்லை, அவர் யோசிக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிட்டது. பாம்பை எல்லோருக்கும் பழக்கப்படுத்துவதாகச் சொல்லிக் கூட்டத்துக்குள் கொண்டுபோவது எனக்கு உடன்பாடில்லை. வர விரும்புகிறவர்கள் வரும் இடத்தில் காட்டுவது வேறு, தப்பிக்க வழியில்லாத பேருந்தில் காட்டுவது வேறு.

தொட்டவர்கள் கைகழுவ வசதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான பாம்பின் குடலிலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அது விட்டுவிட்டு வெளியேறுவதால் ஒருமுறை சோதனையில் இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இது கடுமையாகலாம். குழந்தை பாம்பைத் தொட்ட கையோடு ஐஸ்கிரீம் சாப்பிடும் இடம் பூங்கா.

அப்படியானால் பாம்பைக் கூண்டிலேயே போட்டுவைக்க வேண்டியதுதானா? இல்லை. டேவிட் ஹோல்ட்ஸ்மன் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தரையில் பல துளைகள் இருந்த ஓர் அரங்கில், ஒளிந்துகொள்ள உதவும் ஒரே துளை எங்கே என்பதைக் கார்ன் பாம்புக் குட்டிகள் பயிற்சியில் கற்றுக்கொண்டன. இடத்தைக் கற்கும் மூளை அவற்றுக்கு இருக்கிறது, அதற்கு வேலையும் வேண்டும். அந்த வேலையை ஏறக் கிளை, புதிய மண், வாசனை மாறும் பொருள்கள், முழு நீளம் நீட்டிப் படுக்க இடம் என்று வீட்டுக்குள்ளேயே கொடுக்கலாம். வெளிக்காற்றுதான் வேண்டும் என்றால், ஆளில்லாத நிழலில், பூச்சிமருந்து அடிக்காத புல்லில், கைக்கெட்டும் தூரத்தில் பத்து நிமிடம் போதும். மரத்தடி வேண்டாம். ஏறிவிட்ட கார்ன் பாம்பை இறக்குவது லேசான காரியமில்லை.

மருத்துவரிடம் கொண்டுபோவது போன்ற தவிர்க்க முடியாத பயணத்துக்குத் தோள் வேண்டாம், துணிப்பை போதும். தையல் பிரியாத பருத்தித் தலையணை உறையில் பாம்பை விட்டு, உறையின் வாயை முறுக்கி முடிச்சிட்டு, காற்றுத்துளை உள்ள கெட்டியான பெட்டிக்குள் வைப்பார்கள். பார்க்கக் கொடுமையாகத் தெரியும், பாம்புக்கு அப்படியல்ல. இருட்டும், எல்லாப் பக்கமும் உடம்பில் துணி படுவதும் அதற்கு வளைக்குள் இருப்பதற்குச் சமம். மூச்சு முட்டுமோ என்ற பயமும் வேண்டாம். 2022இல் போவாப் பாம்புகளின் உடலில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி ஒரு பகுதி விலா எலும்புகளை அசையவிடாமல் செய்தபோது, அவை வேறு பகுதி விலா எலும்புகளை அசைத்து மூச்சுவிட்டன. குளிர்காலமாக இருந்தால் பெட்டிக்கும் பைக்கும் நடுவே துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி வைக்கலாம், பாம்பின்மேல் நேராகப் படக் கூடாது.

திரும்பி வந்ததும் கூண்டில் விட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் தொடாமல் இருப்பது நல்லது. பந்து மலைப்பாம்பு அடுத்த இரையை மறுத்தால் உடனே பதற வேண்டாம், நன்றாக இருக்கும் பெரிய பாம்பு வாரக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும், எடையை மட்டும் பார்த்துவந்தால் போதும். மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூச்சில் கீச்சென்ற ஓசை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. குளிரில் அலைந்த பாம்புகளுக்கு வரும் நுரையீரல் தொற்றின் அடையாளங்கள் இவை, அவற்றுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்.